கடன் கொப்பி

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், றப்பர் தோட்டமொன்றின் சந்தியில் எங்கள் அப்பா (வாப்பாவின் வாப்பா) கடை வைத்திருந்தார். கடை இப்போது இல்லை. அவருடைய கடன் கொப்பிகளில் மூன்று மட்டும் வீட்டு அலுமாரியில் கிடக்கின்றன. கறையான் தின்றது போக மிஞ்சியதை அண்மையில் புரட்டிப் பார்த்தேன்.

அரிசி, மாவு, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு. பெயர்களுக்குப் பதிலாக 'மேல் லயம் கடைசி வீடு' போன்ற அடையாளங்கள். சம்பள நாளில் பணம் கட்டியதற்கு ஒரு குறுக்குக் கோடு. மே, ஜூன் பக்கங்களில் அந்தக் கோடுகள் குறைவு. சப்ரகமுவ மழைதான் காரணம். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அந்த மாதங்களில் லயத்து அடுப்பு எரிந்தது கடைக் கடனில்தான்.

"அந்தக் காலத்தில் மனிதரை மனிதர் நம்பினார்கள்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், ஒரு காலத்தை நல்ல காலம் என்று தீர்ப்புச் சொல்ல, கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தவர் மட்டும் போதுமா?

தோட்டத்தாருக்குக் கடன் என்பது வேறொரு வரலாறு. கடல் கடந்து வரும்போதே பயணச் செலவும் முற்பணமும் அவர்கள் தலையில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடலாம் என்று எழுதிய கடிதம் அது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கடன் ஒழியவில்லை. எங்களைப் போன்றவர்களின் கொப்பிகளில் அது தொடர்ந்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கடனை எழுதச் சொல்வதோடு நிற்பதில்லை. எழுத வேண்டியதைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும், இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும், சாட்சிகளும் வேண்டும். எங்கள் கொப்பியிலோ சொன்னவர், எழுதியவர், சாட்சி எல்லாம் அப்பா ஒருவரே. வாங்கியவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா அநியாயம் செய்தார் என்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை. செய்யவில்லை என்பதற்கும் இல்லை.

அவருடைய நன்மையையும் மறைக்கக் கூடாது. 1973, 1974 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் செத்தார்கள். அந்த வருடக் கொப்பியில் வரவு அருமை. ஆனாலும் மாவும் கிழங்கும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. திரும்பி வராதென்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

சில கணக்குகளின் கீழே 'இந்தியா' என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஒருவருடைய கணக்கு மட்டும் சதம் மீதியின்றி முடிந்திருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: 'மாடு விற்ற காசு'. கடனோடு கடல் தாண்ட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

மற்ற நிலுவைகளை வாப்பா மன்னித்துவிட்டார். கஷ்டப்படுபவரின் கடனை விட்டுக்கொடுப்பது மேல் என்பது அதே அத்தியாயத்தின் 280ஆவது வசனம் தரும் போதனை. எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஆனால் மன்னித்தது எங்களுக்கு வரவேண்டியதை. நாங்கள் கொடுக்கவேண்டியது ஏதும் இருந்தால்? கூடப் போட்ட விலையோ, குறைந்த நிறையோ ஹக்குல் இபாத். அதை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். அவரை எங்கே தேடுவது? நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலா, கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூர் றப்பர் தோட்டங்களிலா? மாடு விற்றவர் எங்களிடம் கணக்கு முடித்துக்கொண்டு போனார். நாங்கள் அவரிடம் முடிக்கவில்லை.

உரியவரைக் காண முடியாதபோது அவர் பேரில் தர்மம் செய்வது மார்க்க அறிஞர்கள் பலர் காட்டிய வழி. போனவர்களின் உறவினர் இன்றும் அதே லயங்களில் இருக்கிறார்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் கொப்பி, புத்தகச் செலவை மாடு விற்றவரின் பேரில் ஏற்றுக்கொள்ள நினைத்திருக்கிறேன். கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளும் உரிமை மட்டும் எனக்கில்லை.