நள்ளிரவுக் கூலி

கனடாவின் வின்னிப்பெக் நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருப்பதால், செம்புக் குழாயும் பிளந்துவிடுவதுண்டு. 2014-ஆம் ஆண்டிலோ நிலத்தடிக் குழாய்களே உறைந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் நீரின்றித் தவித்தன. அத்தகைய நள்ளிரவில் வரும் குழாய்த் தொழிலாளி இரட்டிப்புக் கூலி கேட்பது அறமாகுமா? (குழாயைத் தொட்டவன் எக்குலமென்று அங்கே எவரும் கேளார், அம்மட்டில் நலம்.)

துயில் துறந்து பனியில் வருபவன் மிகுதி கேட்பதில் பிழையில்லை. வீட்டாரின் அச்சத்தை அளந்து கேட்பானேயாகில், அது கூலியன்று, கொள்ளை. உள்ளூர்த் தொழிலாளிக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நாளையும் அதே தெருவில் நடக்க வேண்டியவனன்றோ? ஆனால் பழுது தீர்ந்தபின், "பத்து நிமிட வேலைதானே" என்று பேரம் பேசும் வீட்டார், அவன் தொழில் பயின்ற ஆண்டுகளை எக்கணக்கில் எழுதுவர்?