ஓட்டியது யார்?

வேகமாகப் போன வண்டியைப் பிடிப்பது இன்று பெரும்பாலும் கேமராவின் வேலை. கேமராவுக்கு முகம் தேவையில்லை, நம்பர் பிளேட் போதும். அந்த நம்பரை வைத்து ஆர்.சி.யில் இருக்கும் பெயரை எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சலான் போகிறது. பல வீடுகளில் ஆர்.சி.யில் இருப்பது பெண்ணின் பெயர், வண்டியை ஓட்டியது ஆண்.

அப்படி ஒரு சலான் வந்தால் அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? பணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதா? கோர்ட்டுக்குப் போய், "நான் ஓட்டவில்லை" என்று சொல்வதா? ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் விஷயமாகத் தெரியும் இந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று பெரிய கேள்விகள் இருக்கின்றன. ஒரு செயலுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? அடுத்தவர் செய்ததை நம் பெயரில் ஏற்றுக்கொள்வது அன்பா? வீட்டு மனிதரின் பெயரை வெளியே சொல்வது துரோகமா?

நான் திண்டிவனத்துக்காரி. விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள். எங்கள் பக்கம் வண்டி பெண் பெயரில் வாங்கப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. குழுக் கடன் பெண்ணுக்குக் கிடைக்கிறது. அடகுக்குப் போகும் நகை அவளுடையது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தானே ஓட்டிக்கொண்டு போகட்டும் என்பது அதன் நோக்கம். பலர் அப்படியே போனார்கள். வேறு சில வீடுகளில் அந்த வண்டி காலையில் அவளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, பொழுது முழுக்க ஆணோடு சுற்றியது. ஆர்.சி. புத்தகம் பீரோவில் அவள் பெயரோடு இருந்தது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

ஷோரூமில் படிவம் நிரப்பும்போது கொடுக்கப்படும் மொபைல் நம்பரும் பல நேரம் கணவனுடையதுதான். சலான் பற்றிய குறுஞ்செய்தி அந்த நம்பருக்குப் போகும். சம்மன் வரும்போதோ, வண்டியை விற்கப் போகும்போதோதான் தன் பெயரில் குற்றம் நிலுவையில் இருப்பது அவளுக்குத் தெரியவரும்.

இதைச் சின்னக் குற்றம் என்று ஒதுக்க முடியாது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்களை ஒட்டியே போகிறது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், களைவெட்டப் போகும் பெண்களும், புல்லுக்கட்டோடு வருகிறவர்களும் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள் திரும்புவதைப் பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதைத் தாங்குவது எதிரே வரும் உடம்பு. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், வேக வரம்பை உயர்த்திய 2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு பிறந்தது, சாலை விபத்தில் உடலியக்கத்தைப் பெருமளவு இழந்த ஒரு பெண் பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கிலிருந்து.

ஆகவே வேகத்தைத் தண்டிக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். தண்டனை சரியான கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இலகு ரக வண்டியின் அதிவேகத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. மறுபடி செய்தால் ஓட்டியவரின் லைசென்ஸுக்கே ஆபத்து. அதே பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. "வேகமாகத்தான் போனார்" என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயத்தைச் சொன்னால் மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. அந்த அபிப்பிராயத்துக்குக் கருவியின் அளவீடு அடிப்படையாக இருக்க வேண்டும். 2021இல் வந்த விதிகள், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும், கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் பலகை வேண்டும், படமும் அளவீடும் இடமும் நேரமும் நோட்டீஸில் இருக்க வேண்டும் என்கின்றன. இவற்றைக் கேட்பது குடிமகளின் உரிமை.

தப்பு செய்தவள் இப்படிக் கேட்பது நேர்மையா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. "நிரூபியுங்கள்" என்பது பொய் அல்ல. அரசு தன் கையிலிருக்கும் அதிகாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறதா என்று பார்ப்பது அது. ஓட்டிவிட்டு "நான் ஓட்டவே இல்லை" என்பதுதான் பொய். பெண் தானே வேகமாக ஓட்டியிருந்தால் அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சமத்துவம் கேட்பவர்கள் இதில் சலுகை கேட்க முடியாது.

ஓட்டாத பெண்ணின் நிலை வேறு. பணத்தைக் கட்டினால், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிறது. கட்டாமல் கோர்ட்டில் மறுத்தால் அடுத்த கேள்வி வருகிறது: "பின்னே யார் ஓட்டியது?" சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் பற்றித் தனக்குத் தெரிந்ததையும், விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதையும் உரிமையாளர் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே வருகிறது. கணவன் பெயரைச் சொல்லாத மரபில் வளர்ந்தவர்கள் நம் அம்மாக்கள். ரேஷன் கடையில், ஓட்டுச்சாவடியில், ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் இடத்தில் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்பார்கள். இன்று அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. உள்ளே இருக்கும் கட்டளை குறையவில்லை. மரியாதைக்காகச் சொல்லாத பெயரை, இப்போது அவன் குற்றத்தை மறைப்பதற்காகச் சொல்லாமல் இருக்கிறோம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவுக்குச் சம்மன் வந்தது. ஓட்டியது மகன். "ஓட்டலைன்னு சொல்லுங்கக்கா" என்றேன். "சொன்னா யாருன்னு கேப்பாங்க. பெத்த புள்ளைய நானே புடிச்சிக் குடுக்கவாம்மா?" என்றார். கணக்கும் சொன்னார். ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும், மறுபடி வரச் சொல்வார்கள். அபராதம் அதைவிட மலிவு. கட்டினார்.

அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. யாருக்கு வலிக்கிறதோ அவர் மாற முடியாது, யார் மாற வேண்டுமோ அவருக்கு வலிக்கவில்லை. அம்மாவின் கூலியில் கட்டிய அபராதம் மகனின் வேகத்தை ஐந்து கிலோமீட்டர்கூடக் குறைக்காது. தண்டனைக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதென்றால், செய்தவரை யோசிக்க வைக்கும் என்பதுதான். பெண் குறுக்கே நின்று வாங்கிக்கொள்ளும்போது அந்த நியாயம் செத்துப்போகிறது. கூலி போவதோடு கோர்ட் பதிவேட்டில் அவள் பெயரும் ஏறுகிறது.

அடுத்தவருக்காக வாங்கிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை உலகத்துக்கே தெரியும். 2003இல் இங்கிலாந்தின் எம் 11 நெடுஞ்சாலையில் அரசியல்வாதி கிறிஸ் ஹூனின் கார் வேகக் கேமராவில் சிக்கியது. தான் ஓட்டியதாக அவர் மனைவி, பொருளாதார அறிஞர் விக்கி பிரைஸ், ஏற்றுக்கொண்டார். திருமணம் முறிந்த பிறகு 2011இல் விஷயம் வெளியே வந்தது. கணவர் கட்டாயப்படுத்தினார் என்று பிரைஸ் வாதிட்டார். "மணவாழ்வு வற்புறுத்தல்" என்ற அந்தத் தற்காப்பு அங்கே மனைவிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஜூரிகள் ஏற்கவில்லை. 2013 மார்ச்சில் இருவருக்கும் எட்டு மாதச் சிறை. அடுத்த ஆண்டு அந்தத் தற்காப்பையே சட்டத்திலிருந்து நீக்கினார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயங்கள். மனைவி என்றால் கணவன் சொன்னதைச் செய்பவள் என்று சட்டம் முன்கூட்டியே முடிவு செய்வது நம்மைச் சிறுமைப்படுத்துவது. அது போனது நல்லது. ஆனால், படித்த, சம்பாதித்த, ஊரறிந்த ஒரு பெண்ணுக்கே வீட்டுக்குள் மறுப்பது எளிதாக இல்லை என்பதையும் அந்த வழக்கு காட்டுகிறது. பெண்ணைக் குழந்தையாக நடத்தாமல் அவள் மீதான நெருக்கடியைக் காணக் கற்பதுதான் சட்டத்துக்கு முன்னால் இருக்கும் வேலை.

நம் சட்டம் அதைக் கற்றிருக்கிறதா? 2019இல் சேர்த்த 199ஏ பிரிவைப் பாருங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அவர்கள் சம்மதத்தோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தனக்குத் தெரியாது, அல்லது தடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்பா சாவியைத் தூக்கிக் கொடுத்து, "போய்ட்டு வாடா" என்கிற வீட்டில், ஆர்.சி.யில் பெயர் இருக்கும் அம்மாவின் சம்மதம் என்பது என்ன? சட்டம் உரிமையைக் காகிதத்தில் பார்க்கிறது. கட்டுப்பாடு சாவியில் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாதவரிடம் பொறுப்பைக் கேட்பது நியாயம் ஆகாது.

துரோகம் என்ற கேள்விக்கு வருகிறேன். காட்டிக்கொடுப்பது என்றால், ஒருவரை அநியாயத்தின் கையில் ஒப்படைப்பது. நியாயமான விசாரணைக்கு முன்னால் உண்மையைச் சொல்வது அது ஆகாது. "நியாயமான" என்ற சொல்லை நான் லேசாக எழுதவில்லை. பைக்கில் வரும் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்து நிறுத்தும் ஊர்கள் உண்டு. காலனிப் பையனின் அம்மா போலீஸிடம் மகன் பெயரைச் சொல்லத் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடிக்கிற புருஷனின் பெயரைச் சொல்லிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவளிடமும் வீரத்தைக் கடமையாக்க முடியாது. அவர்கள் சொல்லவில்லை என்றால் அந்த மௌனத்துக்கான பொறுப்பில் பெரும்பங்கு, சொல்வதைப் பாதுகாப்பாக்காத நம் எல்லோருக்கும்.

பெயரைச் சொல்வதன் விலை என்ன என்று இந்தச் சாலையே காட்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, தன் மேலதிகாரியான சிறப்பு டி.ஜி.பி. மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் போனபோது, செங்கல்பட்டு அருகே போலீஸாரே வழிமறித்தார்கள். வேகத்துக்காக அல்ல, அவர் புகார் கொடுக்கப் போகிறார் என்பதற்காக. அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் அவரது மேல்முறையீட்டை மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காரை மறித்த வழக்கில் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கு விழுப்புரம் நீதிமன்றம் விதித்தது 500 ரூபாய் அபராதம். வேகமாகப் போகும் காருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அபராதத்தில் பாதி. காக்கி போட்ட பெண்ணுக்கே பாதை இப்படி இருந்ததென்றால், கூலிக்காரப் பெண் கோர்ட் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனாலும் அந்தப் படியில் ஏறியதால்தான் தீர்ப்பு வந்தது.

எனவே முடிந்தவர்கள் செய்ய வேண்டும் என்பது என் நிலை. உங்கள் பெயரில் இருக்கும் வண்டிக்கு ஆர்.சி.யில் உங்கள் மொபைல் நம்பர் இருக்கட்டும். வந்த சலானைக் கட்டும் முன் படத்தையும் நேரத்தையும் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்றால் வருகைப் பதிவேடு சாட்சி. இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது, கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பெறலாம். வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடலாம்: "என் வண்டியை எடு. வேகமாய்ப் போய் மாட்டினால் உன் பெயரைத்தான் சொல்வேன்."

அப்படிச் சொல்வது மகனையோ கணவனையோ கைவிடுவது ஆகாது. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ரோட்டைக் கடக்க நிற்கும் முகம் தெரியாத ஒரு பெண்ணும் நமக்கு வேண்டியவள்தான் என்று ஒப்புக்கொள்வது அது.