வரிசையும் அறமும்: மின்சாரக் கார்ப் பயணங்களிற் காத்திருத்தல் பற்றிய ஒரு நோக்கு

பொதுவான பண்டமொன்றைப் பலர் ஒரே வேளையில் நாடுமிடத்து, யார் முதலிற் பெறுவது, எவ்வளவு பெறுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை அறவியலின் மிகப் பழைய வினாக்களைச் சார்ந்தவை. பங்கீட்டு நீதியை ஆராய்ந்த அரிஸ்டோட்டில், சமமானோர்க்குச் சமமாகவும் சமமல்லாதோர்க்கு விகிதத்துக்கேற்பவும் பங்கிடுவதே நீதி எனக் கொண்டார். ஆயின் எதனை அளவுகோலாகக் கொண்டு சமத்துவத்தைத் துணிவது என்பது அவர் காலத்திலேயே சர்ச்சைக்குரியதாயிருந்தது. நீரும் நிலமும் தானியமும் பங்கிடப்பட்டபோது எழுந்த அச்சர்ச்சை, இன்று மின்சாரக் கார்களில் நெடுந்தூரம் செல்வோர் கூடும் வீதியோர நிலையங்களிற் புதிய வடிவில் எழுந்துள்ளது. அங்கு பங்கிடப்படுவது மின்சாரம் போலத் தோன்றினும், உண்மையிற் பங்கிடப்படுவது நேரமேயாகும்.

பெற்றோல் நிரப்பும் நிலையத்தில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. தாங்கி நிறைவதற்குச் சில நிமிடங்களே செல்லும். அதனை முற்றாக நிரப்புபவருக்கும் அரைவாசி நிரப்புபவருக்குமிடையே பின்னால் நிற்பவர் வேறுபாடு காண்பதில்லை. மின்சாரக் காரின் இயல்பு வேறு. அதன் மின்கலவடுக்கு வெறுமையாயிருக்கும்போது விரைவாகவும், நிறைய நிறைய மெதுவாகவும் மின்னை ஏற்கின்றது. இலிதியம் அயன்கள் காரீய முனைவாயினுள் இடம்பெற்று அமரவேண்டும். இடங்கள் நிரம்பிவரும் வேளையில் அவற்றைப் பலவந்தமாகச் செலுத்தினால், இலிதியம் உலோகமாக மேற்பரப்பிற் படிந்து மின்கலத்தைக் கெடுத்துவிடும். எனவே மின்னழுத்தம் அதன் எல்லையை அணுகியதும் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றது. குளிரும் இதே விளைவைத் தருகின்றது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் 150 அல்லது 350 கிலோவாற்று என எழுதப்பட்டிருப்பினும், கார் ஏற்கக்கூடிய வலு அதனிலும் மிகக் குறைவாயிருத்தல் கூடும். ‘விரைவு மின்னேற்றம்’ என்னும் பெயருக்கும் பயணியின் அனுபவத்துக்குமிடையே காணப்படும் முரண்பாட்டுக்கு இது முதற் காரணமாகும்.

இப்பௌதிக உண்மையிலிருந்தே அறப் பிரச்சினை பிறக்கின்றது. பல கார்களில் 100க்கு 10இலிருந்து 80 வரை ஏறுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லுமாயின், எஞ்சிய ஐந்திலொரு பங்கு ஏறுவதற்கு மேலும் அரைமணி நேரமோ அதற்கு மேலோ செல்கின்றது. நான்கு இணைப்புகள் உள்ள நிலையமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 80உடன் நிறுத்துவாராயின் ஒரு மணி நேரத்தில் எட்டுக் கார்கள் புறப்படும். ஒவ்வொருவரும் முற்றாக நிரப்புவாராயின் நான்கு மட்டுமே புறப்படும். இணைப்பில் நிற்பவர் சிறிதளவு தூரத்தை ஈட்டுவதற்காக, பின்னால் நிற்கும் ஒவ்வொருவரும் அரைமணி நேரத்தை இழக்கின்றனர். வரிசையில் முன்னிற்றல் தமது உரிமை என்று அவர் கூறலாம். அவ்வுரிமை இடத்தைப் பெறும் உரிமையா, விரும்பிய மட்டும் அவ்விடத்தை வைத்திருக்கும் உரிமையா என்பதே வினா.

பயன்பாட்டு வாதிக்கு இதற்கு விடை எளிது. நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால், இறுதி ஐந்திலொரு பங்கை நாடுபவர் பெறும் நன்மையிலும் பிறர் அடையும் இழப்பே பெரிது. கான்ற் என்பாரின் வழியிலும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வரலாம். ‘பிறர் காத்திருப்பினும் முற்றாக நிரப்புவேன்’ என்னும் கொள்கையை எல்லோருக்குமுரிய விதியாக்கினால், விரைவு மின்னேற்றம் என்பதே இல்லாதொழிந்துவிடும். எவ்வசதியைத் தாம் பயன்படுத்த விரும்புகின்றாரோ, அவ்வசதியையே அவரது கொள்கை அழித்துவிடுகின்றது. வேறுபட்ட இரு நெறிகள் ஒரு முடிவில் இணைவதனால், விடயம் முடிந்துவிட்டதெனக் கருதத் தோன்றும்.

ஆயினும் விடயம் அவ்வளவில் முடிவதன்று. நிமிடங்கள் யாவும் ஒரே நிறையுடையன அல்ல. அடுத்த நிலையம் தொலைவிலுள்ள மலைப்பாதையில், பனிக்காலத்தில், 80உடன் புறப்படுதல் சிலருக்கு இயலாத காரியம். குளிரில் மின்கலவடுக்கின் வீச்சு குறைவதோடு, காரின் உட்புறத்தைச் சூடாக்குவதற்கும் அதே மின்னே செலவாகின்றது. 2024 சனவரியில் சிக்காக்கோ நகரைக் கடுங்குளிர் தாக்கியபோது, மின்னேற்று நிலையங்களிற் கார்கள் மணிக்கணக்கில் வரிசையாக நின்றதும், அவற்றுட் சில காத்திருக்கையிலேயே மின்னிழந்து நின்றுபோனதும் உலகறிந்த செய்தி. இத்தகைய வேளையில் ஒருவர் கூடுதலாக நிரப்புவது பேராசையாகவும் இருக்கலாம், தற்காப்பாகவும் இருக்கலாம். புறத்தே செயல் ஒன்றே. அதன் அறத்தன்மை வேறு. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் பயணமோ, அவரது காரில் உள்ள நோயாளியோ குழந்தையோ தெரிவதில்லை. தெரியாத நிலையில் அவர் வழங்கும் தீர்ப்பும் நீதியுடையதாகாது.

இச்சிக்கலைத் தீர்ப்பதற்கு நிலையங்களை நடத்துவோர் இருவகை உபாயங்களைக் கையாண்டுள்ளனர். ஒன்று விலை, மற்றது எல்லை. ரெஸ்லா நிறுவனம் 2016 திசெம்பரில், மின்னேற்றம் முடிந்த பின்னரும் இடத்தை விட்டகலாத கார்களுக்கு நிமிடக் கணக்கிற் கட்டணம் விதித்தது. 2019இல் நெரிசல்மிக்க நிலையங்களில் மின்னேற்றத்தை 80உடன் மட்டுப்படுத்தும் முறையைக் கொணர்ந்தது. 2023இல், நிலையம் நெரிசலாயிருக்கையில் மின்கலவடுக்கு குறித்த அளவைத் தாண்டிய பின்னும் இணைப்பிலிருப்போர்க்கு நெரிசற் கட்டணம் விதிக்கத் தொடங்கிற்று. இலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்னும் நிறுவனம் 2024இல் கலிபோர்னியாவின் சில நிலையங்களில் 85உக்கு மேல் ஏற்ற முடியாதவாறு எல்லை வகுத்தது.

விலையின் சார்பாகப் பேசுவோர்க்குப் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி துணைநிற்பார். நெரிசலால் பிறர்க்கு ஏற்படும் இழப்பை அவ்விழப்பை உண்டாக்குபவரே செலுத்தவேண்டும் என்பது, 1996இல் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞரின் நீண்டகாலக் கருத்து. இதில் நியாயம் உண்டு. ஆயின் நிமிடத்துக்கு ஒரு டொலர் என்பது செல்வருக்கு ஒரு பொருட்டன்று, வறியவருக்குத் தண்டனை. தேவையை அளப்பதற்கு ஏற்படுத்திய கருவி, ஈற்றிற் செலுத்தும் சக்தியையே அளக்கின்றது. மைக்கல் சான்டெல் 2012இல் வெளியிட்ட நூலில் வரிசையைப் பணத்தால் தாண்டுதல் பற்றி விரிவாகப் பேசுகின்றார். பணம் புகுந்ததும் வரிசைக்குரிய சமத்துவ உணர்வு மாறிவிடுகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். கட்டணம் செலுத்துபவர், தாம் பிறரைக் காக்கவைக்கின்றோம் என்ற உணர்வினின்றும் விடுபட்டு, விலைகொடுத்து வாங்கிய உரிமையை அனுபவிக்கின்றோம் என எண்ணத் தொடங்குகின்றார். எல்லை வகுத்தலில் இக்குறை இல்லை. அது செல்வரையும் வறியவரையும் ஒன்றாகவே நிறுத்துகின்றது; ஆனால் மெய்யாகவே தேவையுடையவரையும் அது அவர்களோடு சேர்த்து நிறுத்திவிடுகின்றது.

இதனோடு தொடர்புடைய, இதனிலும் நுட்பமான வினாவொன்று உண்டு. கட்டணம் ஏற்றிய மின்சக்திக்கா, எடுத்துக்கொண்ட நேரத்துக்கா? அமெரிக்காவின் சில மாநிலங்களில், மின்வழங்கல் நிறுவனங்களல்லாதோர் கிலோவாற்று மணிக் கணக்கில் மின்சாரம் விற்பதற்குச் சட்டம் இடங்கொடாதிருந்தமையால், நிமிடக் கணக்கே முன்னர் வழக்கிலிருந்தது. அரிதான பண்டம் நேரமே என்ற வகையில் அது பொருத்தமானதாகத் தோன்றும். ஆயின் எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் ஏற்பனவல்ல. ஹியுண்டாய் அயோனிக் 5 உயர்வலு நிலையத்தில் ஏறத்தாழ 18 நிமிடத்தில் 10இலிருந்து 80ஐ எட்டும். முந்திய செவ்ரலே போல்ற், நிசான் லீஃப் போன்றவை 50 கிலோவாற்று அளவிலேயே ஏற்பதால், அவற்றுக்கு ஒரு மணி நேரமளவு செல்லும். விலைகுறைந்த, பழைய கார்களே பெரும்பாலும் மெதுவானவை. நிமிடக் கணக்கு, குறைந்த வசதியுடையவரிடம் அதே மின்னுக்குக் கூடிய பணம் அறவிடுகின்றது. சக்திக் கணக்கோ, மெதுவான காரின் பின்னால் நிற்பவரின் இழப்பைக் கணக்கிலெடுப்பதில்லை.

1971இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில் யோன் றோல்ஸ் கூறிய சோதனையை இங்கு பிரயோகிக்கலாம். தமது கார் புதியதா பழையதா, தாம் இணைப்பில் நிற்பவரா பின்னால் நிற்பவரா, தமக்கு வீட்டில் மின்னேற்றும் வசதி உண்டா இல்லையா என்பதை அறியாத நிலையில் விதி வகுப்பவர் எதைத் தெரிவுசெய்வார்? அவர் சக்திக்கே அடிப்படைக் கட்டணத்தை விதித்து, தேவையின்றி இடத்தை வைத்திருத்தலுக்கு மட்டும் நேரக் கட்டணம் சேர்ப்பார் எனக் கருதலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய ஒழுங்குவிதி ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகின்றது. 50 கிலோவாற்றும் அதற்கு மேலுமான புதிய இணைப்புகளில் முன்னொப்பந்தமின்றி மின்னேற்றுவோர்க்கான விலை கிலோவாற்று மணியை அடிப்படையாகக் கொள்ளவேண்டும்; நீண்டநேரம் இடத்தை வைத்திருத்தலைத் தடுப்பதற்கு நிமிடக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி.

விதிகளை விடுத்து, பயன்படுத்துவோரே தம்முள் ஒழுங்கு செய்துகொள்ள முடியாதா என்னும் கேள்வியும் எழும். பொதுச்சொத்து அனைவராலும் அழிக்கப்படும் என 1968இல் காரற் ஹார்டின் எழுதினார். அது நியதியன்று என்பதை எலினோர் ஒஸ்ரொம் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசன முறைகளையும் சான்றுகாட்டி நிறுவினார். எனினும் அவர் காட்டிய சமுதாயங்களில் மக்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், நாளையும் சந்திக்கப்போகின்றவர்கள். நெடுஞ்சாலை நிலையத்திற் கூடுவோர் ஒருமுறை சந்தித்துப் பிரிபவர்கள். மெல்போர்ணில் உதைபந்தாட்ட நுழைவுச்சீட்டுக்காக இரவு முழுவதும் நின்ற வரிசைகளை ஆராய்ந்த லியோன் மான், வரிசை தனக்கேயுரிய வழக்காறுகளைக் கொண்ட சிறு சமுதாயம் என 1969இற் காட்டினார். மின்னேற்று நிலையங்கள் பலவற்றில் அச்சிறு சமுதாயம் உருவாவதற்கு வரிசையென்ற புறவடிவமே இல்லை. கார்கள் ஆங்காங்கே தரித்துநிற்கின்றன. யார் முந்தி வந்தார் என்பதே தெளிவாக இருப்பதில்லை.

இங்கு அடிப்படையான ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளவேண்டும். முன்னாலிருப்பவருக்கும் பின்னாலிருப்பவருக்குமிடையே எழும் பிணக்கு, பெரும்பாலும் அவ்விருவராலும் தோற்றுவிக்கப்பட்டதன்று. 2022இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 657 விரைவு மின்னேற்று இணைப்புகளைப் பரிசோதித்த ஆய்வு, அவற்றுள் நான்கில் மூன்று பங்கினும் சற்றுக் குறைவானவையே தொழிற்பட்டன எனக் கண்டது. நான்கு இணைப்புகளில் ஒன்று பழுதுற்றிருக்கையில், எஞ்சிய மூன்றில் நிற்போரின் தாராள மனத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. நிறுவனங்களின் கடமை தனிமனிதரின் ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றப்படுவதை இதிற் காண்கின்றோம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுஞ்சாலை நிலையங்களுக்கென 500 கோடி டொலர் ஒதுக்கப்பட்டு, 2023இல் வகுத்த விதிகளில், ஒவ்வோர் இணைப்பும் ஆண்டில் 100க்கு 97 பங்கு நேரம் தொழிற்படவேண்டுமெனக் குறிக்கப்பட்டமை, இக்கடமையை அதற்குரியவரிடம் சேர்க்கும் முயற்சியாகும். புதிய கார்களுட் பத்தில் ஒன்பதளவு 2024இல் மின்சாரக் கார்களாக விற்பனையான நோர்வேயில், அம்மாற்றத்துக்குப் பல ஆண்டுகட்கு முன்னரே முதன்மை வீதிகளில் நிலையங்களை அமைப்பதற்கு அரசு மானியம் வழங்கியமையும் இவ்வகையிற் கருதத்தக்கது.

அப்படியாயின் தனிமனிதருக்குக் கடமையே இல்லையா? உண்டு, அது வேறுவகையானது. தமிழ் அறமரபில் நடுவுநிலைமை, ஒப்புரவு என இரு கருத்துகள் தனித்தனியே பேசப்படுகின்றன. திருக்குறள் இரண்டுக்கும் வெவ்வேறு அதிகாரம் வகுத்துள்ளது. நடுவுநிலைமை, அளவும் எல்லையும் அறிந்து பக்கஞ்சாராது பங்கிடுவது. விதி வகுப்போரிடமும் நிலையம் நடத்துவோரிடமும் எதிர்பார்க்க வேண்டியது அதுவே. ஒப்புரவு, உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதல். விதி எட்டாத இடத்தில், முன்பின் அறியாதவருக்கும் செய்யவேண்டிய செயல் அது. நடுவுநிலைமை இல்லாத இடத்தில் ஒப்புரவை மட்டும் கேட்பது, பழுதுபார்க்கப்படாத இயந்திரத்தின் செலவை நல்லவரிடம் அறவிடுவதற்கு ஒப்பாகும். நடுவுநிலைமை மட்டும் இருந்து ஒப்புரவு இல்லையாயின், 80 என்ற எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு நிமிடத்தையும் தமது சொத்தாகக் கருதும் மனப்பான்மை வளரும்.

ஆகவே காத்திருத்தலின் சுமையைப் பங்கிடுவதில் ஒழுங்குமுறையொன்று உண்டெனலாம். போதிய இணைப்புகளை அமைத்து அவற்றைப் பழுதின்றி வைத்திருப்பது முதற் கடமை; அது அரசையும் நிறுவனத்தையும் சார்ந்தது. பழைய காருடையவரை வருத்தாமலும் தேவையுடையவருக்கு விலக்களித்தும் விதி செய்வது அடுத்த கடமை. அதன் பின்னரே பயணியின் கடமை வருகின்றது. அடுத்த நிலையத்தை அடைவதற்குப் போதுமானது ஏறியதும், பின்னால் ஒருவர் நிற்பதைக் கண்டு இணைப்பைக் கழற்றுவது அக்கடமை. தமக்கு இன்னும் தேவையாயின், இறங்கிச்சென்று அத்தேவையை அவருக்குச் சொல்வதும் அக்கடமையே. இவ்வாறு சொல்லப்படும்போது அறியாதவர் இருவரும் அறிந்தவராகின்றனர். பின்னால் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதையும், எதற்காகக் காத்திருக்கின்றார் என்பதையும் அப்பொழுதே அறிந்துகொள்கின்றார். எந்தக் கட்டண அட்டவணையும் அவருக்கு அறிவிக்க முடியாத செய்தி அது.