கம்பெனி கலரா, அப்பா கலரா?

"சார், எந்தக் கலர் அடிக்கட்டும்? கம்பெனி கலரா, அப்பா கலரா?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் தத்துவப் பேராசிரியர் இல்லை. கையில் உப்புக் காகிதத்தோடு நின்ற மெக்கானிக். ஒரு வாரம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துக்கொண்டே படியுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல். இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். அம்பாசிடர், ஃபியட் என்று இரண்டே ஜாதிக் கார்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவதாக நம்ம சென்னையில், வண்டலூர் பக்கம் தயாரான கார் அது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவத்தை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து, முதலை வாயைப் பிளப்பதுபோலத் திறக்கும். எங்கள் தெருப் பையன்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து நிற்பார்கள். கம்பெனி, எண்பதுகளில் 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெரிய கார் ஒன்றை விட்டுப் பார்த்தது. போணியாகவில்லை. சில வருடங்களில் கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

அப்பா இந்தக் காரை 1974ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 2011ல் அவர் போனபிறகு வண்டி ஷெட்டிலேயே நின்றது. பூனை குட்டி போட்டது. டயர் மண்ணோடு மண்ணாக அமுங்கியது. "எடைக்குப் போட்டுடலாம்" என்றான் அண்ணன். "ஓட வைக்கலாம்" என்றேன் நான். தங்கை என் பக்கம் சாய, அண்ணன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். வண்டி மெக்கானிக்கிடம் போனது.

அவர் சாம்பல் நிற பெயின்ட்டைத் தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து வெளிர்பச்சை எட்டிப் பார்த்தது. அதுதான் கம்பெனி கலர். எங்களுக்குத் தெரிந்த சாம்பல், அப்பா வாங்கியதும் அடித்த கலர். ஐந்து வருடம் பச்சையாக ஓடிய காரை, அப்பா அதற்கு முன் யார் வைத்திருந்தார் என்பதைக்கூட எங்களுக்குச் சொன்னதில்லை.

'பழைய நிலைக்குக் கொண்டுவருவது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பழைய நிலை? 1969ஆ, 1974ஆ?

கலர் ஒரு பக்கம் இருக்கட்டும். அடித்தளத் தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் ரோடு தெரிந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். வயரிங் முழுக்க எலி தின்றிருந்தது, புதுசு. பிரேக் சிலிண்டர்கள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்தன. ரேடியேட்டர் புதுப்பேட்டையில் கிடைத்தது. சீட்டுக்குப் புது ரெக்ஸின். ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. மற்ற கார்களில் உடம்பும் எலும்பும் ஒன்றாக இருந்த காலத்தில், இதற்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. கழற்றி மாற்றுவதற்கென்றே பிறந்த வண்டி.

மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது அப்பாவுடைய காரா?

இது கிரேக்கர்கள் அடித்துக்கொண்ட சண்டை. தீசியஸ் என்ற வீரன் கிரீட் தீவிலிருந்து திரும்பி வந்த கப்பலை ஏதென்ஸ்காரர்கள் நினைவுச் சின்னமாகப் பல தலைமுறைகள் பாதுகாத்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தார்கள். அது அதே கப்பல்தான் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இதில் இன்னொரு குச்சியைச் செருகினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, இன்னொரு கப்பலாகக் கட்டிவிட்டால்? இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

சிரிக்காதீர்கள். என் மெக்கானிக் ஹாப்ஸைப் படித்ததில்லை. ஆனால் ஒருநாள் ஒரு கோணிச் சாக்கை என் முன்னால் இறக்கி வைத்தார். கழற்றிய சாமான்கள். "இதை என்ன சார் பண்றது? எல்லாம் உங்கப்பா ஓட்டினது."

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி உண்டு. கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தன், நாகசேனர் என்ற பௌத்தத் துறவியைப் பார்க்க ரதத்தில் வந்தான். "ரதம் என்கிறாயே, அச்சு ரதமா? சக்கரம் ரதமா? நுகத்தடி ரதமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் துறவி. எதுவுமே இல்லை. எல்லாம் சேர்ந்திருப்பதைச் சுட்டும் ஒரு பெயர்தான் ரதம். மனிதனும் அப்படித்தான் என்று முடித்தார்.

அரசாங்கத்திடமும் ஒரு பதில் இருக்கிறது. 2021ல் கொண்டுவந்த விதிப்படி, பதிவாகி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டி 'வின்டேஜ்' அந்தஸ்து கேட்கலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. நாகசேனர் 'பெயர்தான்' என்றார். போக்குவரத்துத் துறை 'சேஸிஸ்தான்' என்கிறது. இருவருமே என் பிரச்னையைத் தீர்க்கவில்லை. ஏனென்றால் என் பிரச்னை சேஸிஸில் இல்லை. இடதுபக்கப் பின்கதவில் இருந்தது.

அங்கே ஒரு பள்ளம். இரண்டு உள்ளங்கை அகலம்.

1983ல், பதினெட்டு வயது அண்ணன் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து, திரும்பும்போது வீட்டு கேட் தூணிலேயே இடித்த பள்ளம். அப்பா திட்டவில்லை. அடிக்கவில்லை. பள்ளத்தை எடுக்கவும் இல்லை. கடைசிவரை அப்படியே ஓட்டினார். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எங்க பெரியவன் வாங்கின முதல் மார்க்!"

எனக்கு அது அப்பாவின் குறும்பு. மகனுடைய அசட்டுத்தனத்தைக்கூடப் பொக்கிஷமாக வைத்திருந்த மனுஷன் என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் டிங்கர் "இதைத் தட்டி எடுத்துடவா சார்?" என்று கேட்டபோது, "அதை மட்டும் தொடாதீங்க" என்றேன்.

அன்று மாலை அண்ணனுக்கு போன் செய்து சந்தோஷமாக இதைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: "உனக்கு அது ஜோக்குடா. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்குக் கல்யாணம் ஆகி, என் மாமனார் முன்னாடியும் காட்டினார். ஒரு தடவை திட்டித் தீர்த்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். மன்னிக்கவே இல்லைங்கறதைக் கதவுலயே எழுதி வெச்சிருந்தார்."

அவன் ஏன் எடைக்குப் போடச் சொன்னான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே பள்ளம். எனக்கு அன்பு; அவனுக்குத் தண்டனை. நாற்பது வருடம் ஒரே வீட்டு விசேஷங்களில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒருவருக்கொருவர் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அம்மாவிடம் போனோம். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. காது மந்தம், நினைவு கூர்மை. கதையைக் கேட்டுவிட்டு எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அன்பும் இல்லை, கோபமும் இல்லைடா. காசு இல்லை. டிங்கரிங் பண்றவன் முந்நூறு ரூபா கேட்டான். அந்த மாசம்தான் இவனுக்கு காலேஜ் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டணும். அப்புறம் பார்த்துக்கலாம்னார். அப்புறம் நீ காலேஜ் போனே. அப்புறம் உங்க தங்கச்சி கல்யாணம். வர்றவங்ககிட்ட காசில்லைன்னு சொல்ல முடியுமா? அதான் சிரிச்சு மழுப்புவார்."

இரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம்.

பொருள்கள் நினைவுகளைச் சுமக்கின்றன என்று நாம் உருகுகிறோம். அவை எதையும் சுமப்பதில்லை. ஒரு பள்ளம் வெறும் பள்ளம்தான். அதில் ஆளுக்கொரு அப்பாவை ஊற்றி நிரப்பி வைத்திருந்தவர்கள் நாங்கள். அந்த இரண்டு அப்பாக்களிலும், முந்நூறு ரூபாய் இல்லாததை வெளியே காட்டாமல் சிரித்த அந்த மனிதர் இல்லை. அவர் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தார். அம்மா இருந்ததால் கேட்க முடிந்தது. இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போட்டிருந்தால்?

பூர்விகச் சொத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் தேடுகிறோம். நானும் அப்படித்தான் தேடினேன். முதலில் தேட வேண்டியது விஷயம் தெரிந்த ஆளை. அப்பாவின் நண்பர் யாராவது இருக்கலாம். அத்தை இருக்கலாம். பழைய டிரைவர் இருக்கலாம். ரேடியேட்டருக்கு மாற்று கிடைக்கும். அவர்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? செலவு செய்கிறவனுக்கு என்று நான் நினைத்திருந்தேன். 'ஞாபகம்' என்ற பெயரில் அண்ணனின் காயத்தைப் பாலிஷ் போட்டு மாட்டி வைக்க இருந்தேன். வலித்தவனைக் கேட்காமல் தழும்பை அழகு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

திரும்பி வரும் வழியில், "பள்ளத்தை என்ன பண்ணலாம்?" என்று அண்ணனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுத்துடு. இப்ப எடுக்கலாம்" என்றான். "டிங்கரிங் செலவு என்னோடது."

மறுநாள் பட்டறையில் அவனும் வந்து நின்றான். டிங்கர் உள்பக்கம் கட்டை கொடுத்துத் தட்டினார். நாற்பது வருடப் பள்ளம், முக்கால் மணி நேரத்தில் சமமானது. அண்ணன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீக்கடைக்குப் போனான்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா கலர்" என்றேன் மெக்கானிக்கிடம். நாங்கள் ஓட்டப்போவது கம்பெனி 1969ல் விற்ற காரை அல்ல, எங்கள் காரை. ஆனால் டிக்கியின் உள்பக்கம் ஒரு சாண் இடத்தில் அந்த வெளிர்பச்சையை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஆசை ஆசையாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், இல்லையா?

கோணிச் சாக்கு எடைக்குப் போய்விட்டது. ஹாப்ஸ் மன்னிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். தையல் மிஷின் இருக்கும், சுவர்க்கடிகாரம் இருக்கும், கால் ஆடும் ஒரு மர நாற்காலியாவது இருக்கும். ரிப்பேருக்கு எடுத்துப் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நிமிடம் உட்கார்ந்து, "இது எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கதையாக அது இருக்காது.