பிறர் துயரும் படிப்பவர் கண்ணீரும்

துயரக் கவிதையைப் படித்துக் கண் கலங்குவது நல்லுள்ளத்தின் அடையாளம் என்பர். “இக்கவிதை உன் உள்ளத்தில் எழுப்பிய உணர்வை எழுதுக” என்று தேர்வில் வினவினால், “என் நெஞ்சம் உருகியது” என்று மாணவர் எழுதுவர். ஆசிரியரும் மதிப்பெண் வழங்கிவிடுவார். நெஞ்சம் உருகியதோடு படிப்பவர் கடன் முடிந்துவிடுகிறதா? கனடா நாட்டின் வரலாறு இவ்வினாவுக்கு எளிதில் விடை சொல்ல விடுவதில்லை.

டங்கன் கேம்பல் ஸ்காட் (1862-1947) அந்நாட்டின் பெயர்பெற்ற ஆங்கிலக் கவிஞர். பழங்குடி மக்கள் மறைந்து வருவதாக எண்ணிப் பரிவோடு பாடியவர். அவரே 1913 முதல் 1932 வரை பழங்குடியினர் விவகாரத் துறையின் தலைமை அதிகாரியாகவும் விளங்கினார். பழங்குடிப் பிள்ளைகள் கட்டாயமாகப் பள்ளி சேரவேண்டும் என்ற 1920ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவர் முயன்று கொணர்ந்ததே. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனையும் பெற்றனர். அப்பள்ளிகள் நடைபெற்ற காலம் முழுவதும் அவற்றில் பயின்றோர் ஏறத்தாழ 150,000 பேர்.

ஸ்காட்டின் பரிவு பொய்யானது என்று ஒதுக்கிவிடலாம். அது மெய்யாகவே இருந்திருக்கக்கூடும் என்பதே அச்சம் தருவது. ஓரினம் மறைந்தே தீரும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவருக்கு அழவும் முடிகிறது, அம்மறைவை விரைவுபடுத்தவும் முடிகிறது.

அப்பள்ளிகளுள் ஒன்றில் பயின்றவர் மிக்மாக் இனக் கவிஞர் ரீட்டா ஜோ (1932-2007). நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் பிறந்து, ஐந்து வயதில் தாயை இழந்து, பிறர் இல்லங்களில் வளர்ந்து, பன்னிரண்டாம் வயதில் ஷுபெனகாடி உறைவிடப் பள்ளியை அடைந்தார். அங்கே தம் பேச்சு பறிபோனதை ஒரு சிறு கவிதையாக்கினார். சிறுவர்க்கும் விளங்கும் எளிய சொற்கள். பறித்தவரை முன்னிலைப்படுத்தியே அக்கவிதை பேசுகிறது. அவர் மொழியே வலிமை மிக்கது என்று ஒப்புக்கொண்டு, தம் பேச்சைத் தாமே தேடிக்கொள்ள விடுமாறு மென்மையாகக் கேட்கிறது. எதற்காக? தம்மைப் பற்றி அவர்க்குக் கற்பிப்பதற்காக!

இதனைக் கையறுநிலையாகக் கொள்வது பிழை. பாரி மகளிர்க்குப் பறம்புமலை மீளவில்லை. அவர்தம் பாடலுக்குக் கண்ணீரே தகும். இங்கோ பேசுபவர் எதிரே நின்று ஒன்றைக் கேட்கிறார். கேட்டது இன்னதென்று அறியாமல் அழுபவர், தம்மையறியாமலே ஸ்காட்டின் பக்கம் போய் நிற்கிறார்.

தாய்மொழிப் பள்ளி ஆசிரியர் இக்கவிதையைப் படிக்கும்போது தம்மை அச்சிறுமியின் இடத்தில் வைத்துக்கொள்வது இயல்பு. ஆனால், அவள் பேச்சைப் பறித்த இடமும் ஒரு பள்ளியே. பறித்தவர்கள் கற்பிக்கும் பணியில் இருந்தவர்கள். (அங்குப் பெற்ற நன்மையையும் ரீட்டா ஜோ மறவாமல் கூறியிருக்கிறார் என்பது அவர் பெருந்தன்மை.) வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் ஒரு சொல் தவறினால் எழும் சிரிப்பை ஆசிரியர் அறிவார். அதனை அக்கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. எனினும், அச்சிரிப்பில் தாமும் கலந்துகொள்வதா, தடுப்பதா என்பதை அவர் அன்றே அவ்வகுப்பிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

கனடா அரசு 2008இல் உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கோரியது. 2022இல் நோவா ஸ்கோஷியா மாநிலம் மிக்மாக் மொழியைத் தன் மண்ணின் முதல் மொழியாகச் சட்டம் இயற்றி ஏற்றது. ரீட்டா ஜோ மறைந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.