நல்லா இருக்குன்னு எழுதிடுங்க சார்!

போன மாதம் ஒரே வாரத்தில் நாலு புத்தகங்கள் கூரியரில் வந்து சேர்ந்தன. நாலுமே எழுதியவர்கள் சொந்தக் காசு போட்டு அச்சடித்தவை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் துப்பறியும் நாவல். ஒரு தமிழாசிரியர் தன் கிராமத்துக்கு எழுதிய வரலாறு. பாட்டியின் சமையல் குறிப்புகளைப் பேத்தி தொகுத்த ஒரு புத்தகம். நாலிலும் முதல் பக்கத்தில் 'அன்புடன்' போட்டுக் கையெழுத்து. கவிதைத் தொகுப்பில் மட்டும் கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நல்லா இருக்குன்னு நாலு வரி எழுதிடுங்க சார்.'

'படிச்சுட்டு' என்ற வார்த்தை அதில் இல்லை. கவனித்தீர்களா?

எழுதினால்தான் என்ன தப்பு? நாலு வரி. எனக்குச் செலவில்லை, அவருக்குச் சந்தோஷம். கல்யாண வீட்டில் "சாப்பாடு எப்படி?" என்று பெண்ணின் அப்பா கேட்டால், "ரசத்துல உப்பு கம்மி" என்றா சொல்கிறோம்? "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இதற்கு வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிடலாம். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்துக்கு வந்துவிடும் என்கிறார். நம்மில் பலர் அந்தக் குறளை டிரைவிங் லைசென்ஸ் மாதிரி பர்ஸிலேயே வைத்திருக்கிறோம். 'நன்மை' என்பதைப் படித்துவிட்டு, 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை வசதியாக விட்டுவிடுகிறோம்.

நானும் விட்டவன்தான்.

பதினைந்து வருஷம் இருக்கும். நண்பர் ஒருவர் நாவல் எழுதி, தானே அச்சடித்து, வெளியீட்டு விழாவில் பேசக் கூப்பிட்டார். முதல் நாற்பது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் படித்தேன். நடுவில் வண்டி நகரவே இல்லை. மேடை ஏறி, 'தமிழ் நாவலுக்கு இது ஒரு புது வாசல்' என்றேன். கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், நல்ல ஹோட்டலில் டிபன் வாங்கித் தந்தார்கள்.

இரண்டு வருஷத்தில் அடுத்த நாவல். அறுநூறு பக்கம், ஆயிரம் பிரதி. பி.எஃப். பணத்தில் கை வைத்திருந்தார். பின்னட்டையில் என் வாக்கியம், என் பெயரோடு. விற்றது நூறு பிரதிகூட இல்லை. மிச்சமெல்லாம் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒருநாள் போயிருந்தபோது அவர் மனைவி காபியை வைத்துவிட்டு, "கட்டிலுக்கடியில பெருக்கவே முடியலைங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வழியனுப்ப வாசல்வரை வந்த நண்பர் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு மேடையில சொன்னீங்களே, அது நிஜமாத்தானே சொன்னீங்க?"

"பின்னே?" என்றேன்.

அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடக் கனமானது. அதற்குக் கூட்டம் இல்லை, மைக் இல்லை, சால்வை இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

என் பொய் குற்றமற்ற நன்மையா? கணக்குப் பாருங்கள். பின்னட்டையை நம்பிக் காசு கொடுத்த வாசகருக்கு நஷ்டம். அடுத்த புத்தகத்தைத் திருத்தி எழுதும் வாய்ப்பை இழந்த நண்பருக்கு நஷ்டம். மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார், அவரை நாம் நினைப்பதே இல்லை. அதே வருஷம் நிஜமாகவே ஒரு நல்ல நாவலை எழுதியவர். அவருக்கும் 'புது வாசல்' என்றுதானே சொல்லியாக வேண்டும்? வார்த்தை ஏற்கெனவே செலவாகிவிட்டதே!

சொந்தமாக அச்சிட்டால் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. மார்செல் ப்ரூஸ்ட் தன் பெருநாவலின் முதல் பாகத்தை 1913-ல் தன் செலவில்தான் கொண்டுவந்தார். அதைத் திருப்பி அனுப்பிய பதிப்பகங்களில் ஒன்றில் இருந்தவர் ஆந்த்ரே ழீத். பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர். சரியாகப் படிக்காமல் தள்ளிவிட்டோமே என்று 1914-ல் ப்ரூஸ்டுக்கு வருந்திக் கடிதம் எழுதினார். நம் சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். தான் போட்ட புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். வயதான காலத்தில் தானே வெளியிட்ட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு, அவர் காலமான பிறகு, 2001-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. விமர்சனத்தில் அந்த மனிதர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொந்த வெளியீட்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதிப்பகம் வழியாக வரும் புத்தகத்தை எடிட்டர் என்று ஒருவராவது எதிராளியாக உட்கார்ந்து படித்திருப்பார், அல்லது படித்திருக்க வேண்டும். சொந்தமாக வெளியிடுகிறவரை அதுவரை படித்தவர்கள் மனைவி, மச்சான், ஆபீஸ் நண்பர்கள். உறவு இல்லாத முதல் வாசகர் பெரும்பாலும் விமர்சகர்தான். அவரும் மச்சான் மாதிரியே பேசினால் அந்தப் புத்தகத்துக்கு வாசகரே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

பழந்தமிழர்கள் இதை அழகாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சிறப்புப் பாயிரம் எழுதத் தக்கவர்கள் யார் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். அதாவது வேண்டியவர்கள். ஒளிவுமறைவே இல்லை. ஆனால் கூடவே அரங்கேற்றம் என்று ஒன்றும் இருந்தது. பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னால் தொல்காப்பியம் அரங்கேறியதாக அதன் பாயிரமே சொல்கிறது. அங்கே கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். நாம் பாயிரத்தை வைத்துக்கொண்டு அரங்கேற்றத்தை விட்டுவிட்டோம். இன்றைய வெளியீட்டு விழாவில் நடப்பதெல்லாம் பாயிரம், பாயிரம், நன்றியுரை.

அமெரிக்காவும் யோக்கியமில்லை. வால்ட் விட்மன் 1855-ல் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பைத் தானே வெளியிட்டு, பெயர் போடாமல் தானே மதிப்புரையும் எழுதிக்கொண்டார். எமர்சன் பாராட்டித் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்தைக் கேட்காமலே பத்திரிகைக்குக் கொடுத்தார். மறுவருஷம் அதிலிருந்து ஒரு வாக்கியத்தை இரண்டாம் பதிப்பின் முதுகிலேயே தங்க எழுத்தில் பொறித்தார். புத்தகம் மகத்தானதாக இருந்ததால் உலகம் மன்னித்துவிட்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 2012-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. இணையத்தில் ஒருவர் மதிப்புரையை விலைக்கு விற்றிருக்கிறார். ஒன்று 99 டாலர், இருபது 499, ஐம்பது 999. மொத்தமாக வாங்கினால் மலிவு, நம் ஊர்ப் பட்டாசு மாதிரி.

"நான் என்ன விமர்சகனா? இதெல்லாம் எனக்கெதுக்கு?" என்கிறீர்களா? சித்தப்பா பையன் கிண்டிலில் நாவல் போட்டுவிட்டு லிங்க் அனுப்பி, "அஞ்சு ஸ்டார் போட்டுடு" என்கிறானே, அப்போது நீங்களும் விமர்சகர்தான். அந்த ஐந்து நட்சத்திரத்தை நம்பி முகம் தெரியாத ஒருவர் காசு கொடுக்கப்போகிறார்.

அதற்காகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். முந்நூறு பிரதி போட்ட மனிதரைப் பொதுவில் வைத்துக் கிழிப்பது வீரமில்லை. புத்தகம் எதைத் தருவதாகச் சொல்கிறதோ, அதைத் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவது மோசடி, சமைக்க வேண்டும். பாட்டியின் வத்தக்குழம்பைச் செய்து பார்த்தோம். 'புளி எலுமிச்சை அளவு' என்று பாட்டி சொன்னது சரியாக இருந்தது, பேத்தி போட்ட உப்புக் கணக்குத்தான் தூக்கல். கிராம வரலாற்றில், கோயில் சோழர் காலம் என்கிறார் ஆசிரியர். எந்தக் கல்வெட்டு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஏரி மதகுகளின் பெயர்களையும் அவற்றின் கதைகளையும் சொல்லும் அத்தியாயத்தை வேறு யாராலும் எழுத முடியாது. துப்பறியும் நாவலில் அறுபதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன். இருந்தாலும் நைட் ஷிஃப்ட் முடிந்து கேபில் தனியாக வீடு திரும்பும் அந்த எட்டுப் பக்கத்தில் எனக்கே வியர்த்தது. இதையெல்லாம் அப்படியே எழுதினேன். மூன்று பேரில் ஒருவர் மட்டும் இன்னும் பேசவில்லை.

கவிதைதான் பாக்கி. எண்பத்து நாலு கவிதைகளில் இரண்டுதான் மனதில் நின்றன. பாக்கி எண்பத்திரண்டிலும் அவர் படித்த கவிஞர்கள்தான் பேசுகிறார்கள், அவர் பேசவில்லை. பத்திரிகையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. பின்னட்டையில் அச்சானாலும் தலைகுனிய வேண்டியிராத மாதிரி, இதையே அவருக்கு ஒரு கடிதமாக எழுதினேன். போஸ்ட் செய்துவிட்டு நான்கு நாள் போன் அடித்தாலே பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்த ரெண்டு எதுங்க சார்?" என்றார்.

சொன்னேன். கடைசி நாள் கவுன்ட்டரில் கிழிந்த நோட்டு எண்ணியது ஒன்று. அப்பாவின் பாஸ்புக் இன்னொன்று.

"அது ரெண்டும் கவிதைன்னு நெனச்சு எழுதலைங்க சார். சும்மா எழுதி வச்சேன். பக்கம் பத்தலைன்னு சேர்த்தேன்."

அந்த மாதிரி இன்னும் எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். ஒரு டயரி நிறைய இருக்கிறதாம்.

போனை வைத்த பிறகு அந்தக் கட்டிலடி ஞாபகம் வந்தது. அந்த நண்பருக்கு நான் சொல்லவேண்டிய பதில் இன்னும் பாக்கி.