காத்த உயிரும் கடமையும்

உயிரைக் காப்பது அறம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், காத்த உயிருக்கு நாம் எவ்வளவு காலம் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. எனக்கு இவ்வினா வகுப்பறையிலே எழுந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுத அவனுக்கு மற்றவர்களிலும் இருமடங்கு நேரம் வேண்டும். சொல்வதெழுதும்போது வாக்கியங்கள் பாதியிலே நின்றுவிடும். அவன் சோம்பேறி என்று நான் தீர்ப்பளித்தேன். சக மாணவர் முன்னிலையில் அப்படியே அழைத்தும்விட்டேன். மறுநாள் அவனுடைய தாயார் வந்தார். "சேர், இவன் ஏழாம் மாதத்திலை பிறந்த பிள்ளை. நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடந்தவன். பிள்ளை தப்பிவிட்டான், வீட்டுக்குக் கொண்டுபோங்கோ எண்டு சொன்னவை. அதுக்குப் பிறகு எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அவருக்கு அளிக்க என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. 'தப்பிவிட்டான்' என்ற சொல்லோடு வைத்தியசாலையின் பணி முடிந்தது. பெயர் பதிந்த நாளில் பாடசாலையின் பணி தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் எவருடைய பொறுப்பு?

கருவின் இறுதி மூன்று மாதங்களிலே மூளை மிக விரைவாக வளர்கின்றது. அவ்வளர்ச்சி தாயின் வயிற்று இருளில், அவள் குரலைக் கேட்டபடி நிகழவேண்டியது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைக்கோ அது விளக்கொளியிலும் இயந்திர ஒலியிலும் ஊசிமுனையிலும் நிகழ்கின்றது. இத்தகைய குழந்தைகளுட் பலர் மற்றவர்களைப் போலவே வளர்ந்து வாழ்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், எத்துணை முன்னதாகப் பிறக்கின்றனரோ அத்துணைக்குப் பார்வையிலும் செவிப்புலனிலும் நடையிலும் கற்றலிலும் இடர்ப்பாடு தோன்றும் வாய்ப்பு மிகுதி. அவ்விடர்கள் வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளிலே வெளிப்படுவதில்லை என்பதே சிக்கல்.

இதற்கு வரலாறு தரும் சான்று கொடியது. 1942இல் பொஸ்ரன் நகரிலே, குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் புதிய நோயொன்றை ரெறி என்ற வைத்தியர் விவரித்தார். வசதி படைத்த நாடுகளின் சிறந்த வைத்தியசாலைகளிலேயே அது மிகுதியாகக் காணப்பட்டது. 1951இல் மெல்பேண் நகரின் வைத்தியர் கேற் கம்பெல், தாராளமாக வழங்கப்பட்ட ஒட்சிசனே காரணமாகலாம் எனச் சுட்டினார். 1953-54இல் அமெரிக்காவின் 18 வைத்தியசாலைகள் கூடி நடத்திய ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். ஒட்சிசன் கொடுத்த கைகள் கருணை நிறைந்த கைகளே. ஆனால், குருட்டுத்தன்மை பிறந்து சில மாதங்கள் கழிந்த பின்னரே புலப்பட்டது. விடுதியின் கணக்கேட்டிலோ ஓர் உயிர் காக்கப்பட்டது என்ற பதிவு மட்டுமே இருந்தது. பின்னர் அச்சத்தினால் ஒட்சிசனை அளவுமீறிக் குறைத்தபோது உயிரிழப்பு மிகுந்தது. குழந்தையைப் பின்தொடர்ந்து செல்லாத கருணை தன் தவற்றைத் தானே அறியமாட்டாது.

பின்தொடர்ந்து சென்றவர்களும் உளர். 1978இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், இன்குபேற்றர்கள் போதாமையாலும் தொற்றுநோயாலும் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த வைத்தியசாலையிலே, எட்கார் ரே என்ற வைத்தியர் சிசுவைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டச் செய்தார். 'கங்காரு முறை' என அது பெயர் பெற்றது. 1993 முதல் 1996 வரை அந்நகரில் இம்முறையை ஆராய்ந்தோர், அக்குழந்தைகளை 20 ஆண்டுகளின் பின் மீண்டும் தேடிச் சென்றனர். 2017இல் வெளியான முடிவின்படி, தாயின் மார்பில் வளர்ந்தவரிடையே உயிரிழப்பும், பாடசாலைக்கு வராதிருத்தலும், முரட்டுக் குணமும் குறைவாகவே காணப்பட்டன. இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் நடந்து, 2021இல் வெளியான ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியவிடத்து, முதல் 28 நாள்களில் நிகழும் இறப்பு நூற்றுக்கு 15.7இலிருந்து 12ஆகக் குறைந்தது. விடுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த தாய், சிகிச்சையின் ஒரு பகுதியாக உள்ளே வந்தாள்.

ஆயினும், 'தாயின் மார்புக்குச் செலவில்லை' என்று மகிழ்வோர் சற்றே சிந்திக்கவேண்டும். நாட்கூலிக்குச் செல்லும் பெண் நாற்பது நாள் விடுதியில் இருந்தால் அவள் வீட்டு அடுப்பை எரிப்பவர் யார்? மூத்த பிள்ளைகளைப் பார்ப்பவர் யார்? அவளுடைய நேரத்துக்குச் சமுதாயம் விலை கொடாவிடின், அவ்விலையை வறுமையே கொடுக்கின்றது. படுக்கையும் உணவும், இழந்த கூலிக்கு ஈடும், கண்ணையும் செவியையும் உரிய காலத்திற் சோதிக்கும் ஒழுங்கும், பாடசாலை வயதுவரை குழந்தையைத் தொடரும் ஒருவரும் வேண்டும். வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதரை உடைய நம் நாட்டுக்கு இது கைக்கெட்டாத கனவன்று. அவர்கள் குறித்துவைக்கும் செய்தி ஆசிரியனின் மேசைக்கும் வந்து சேரவேண்டும்.

'குறைபாட்டோடு வாழப்போகும் உயிரைக் காப்பதேன்?' என்று கேட்பாரும் உண்டு. இக்கேள்வி அறிவின் உடை அணிந்து வரும் கொடுமை. ஒரு வாழ்வின் சுமை அக்குழந்தையின் உடலால் மட்டும் அளக்கப்படுவதில்லை. அதைச் சூழ்ந்தோர் எத்துணைப் பங்கைத் தாங்குகின்றனர் என்பதாலும் அளக்கப்படும். தாங்க மறுப்பவர்களே சுமையைக் காரணங்காட்டிக் குழந்தையைக் கைவிடச் சொல்வது நீதியாகாது. மரணத்தின் வாயிலிலிருந்து ஓர் உயிரை மீட்கும்போது, 'நீ எங்களோடு வாழ்' என்று நாம் வாக்களிக்கிறோம். வாக்களித்தவர் வாயிலோடு நின்றுவிடலாகாது.

அந்த மாணவனிடம் நான் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவன் முதல் வரிசையில் அமர்கின்றான். தேர்வில் அவனுக்கு மேலதிக நேரம் கொடுக்கின்றோம். இன்றும் மெதுவாகவே எழுதுகின்றான். ஆயினும் எழுதி முடிக்கின்றான். பதின்மூன்று ஆண்டுகளின் முன் யாரோ ஒரு தாதி கண்விழித்துக் காத்த உயிர் அது. அவர் தொடங்கிய பணியில் எஞ்சிய பகுதி என் மேசை முன்னே காத்திருந்ததை நான் அறிய இத்துணைக் காலம் ஆயிற்று.